தீபாயனைக் கடுகெண்ணெயில் பொரித்த வாரம்

காபேரி சமாத்தாரை நான் முதன்முதலில் நேரில் பார்த்தபோது, அவர் என்னை ஒரு பலகையோடு ஒட்டி நிற்கவைத்து, மோவாயைத் தூக்கச் சொல்லி, "மூச்சை இழுங்க. பிடிங்க. பிடிங்கன்னா பிடிக்கணும், சிரிக்கக் கூடாது" என்று அதட்டினார். டம்டம் பக்கம் ஒரு பரிசோதனைக் கூடத்தில் எக்ஸ்ரே எடுப்பது அவர் வேலை. எனக்கு நெஞ்சில் சளி. படம் எடுத்து முடித்தபின் சீட்டில் இருந்த என் பெயரை உற்றுப் பார்த்தார்.

"இது நம்ம பொரதனா? எழுத்துப்பிழை பார்க்கற பொரதனா?"

"நீங்க காபேரிதியா?" என்றேன். அதற்கு முன் மூன்று வருடமாக அவரோடு தினமும் இணையத்தில் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். முகம் பார்த்ததில்லை.

நம் காவிரிதான் வங்காளிகள் வாயில் காபேரி; பின்னால் ஒட்டும் 'தி' அக்கா என்ற மரியாதைக்கு. அதே கணக்கில் வரதனாகிய நான் பொரதன். லேக் மார்க்கெட்டில் பிறந்து வளர்ந்தவன் இதற்கெல்லாம் கோபித்துக்கொண்டால் கல்கத்தாவில் ஒரு நாள் தள்ள முடியாது.

எங்களைச் சேர்த்து வைத்தது ஒரு தொலைக்காட்சித் தொடர். 'நீல்மணி லாட்ஜ்' என்று பெயர். வடக்குக் கல்கத்தாவில் ஒரு பழைய விடுதி, அதில் தங்கியிருக்கும் கல்யாணமாகாத ஆண்கள், மாடியிலிருந்தே எல்லோரையும் மேய்க்கும் வீட்டுக்காரம்மாள். கதாநாயகன் தீபாயன் லாஹிரி. அவனைப் பார்க்க ஊரிலிருந்து அவன் அம்மா ரயிலேறுகிறாள். அத்தோடு தொடரை நிறுத்திவிட்டார்கள். அம்மா இன்னும் ரயிலைவிட்டு இறங்கவில்லை. பார்த்தவர்களுக்கு வயிறு எரிந்தது. மிச்சத்தை நாமே எழுதிக்கொள்வோம் என்று சிலர் ஆரம்பித்த இணையதளம்தான் 'பாக்கிடுகு'. பாக்கி என்றால் நம் பாக்கியேதான்.

தளத்தில் யாருக்கும் சம்பளம் கிடையாது. அதனாலேயே பதவிச் சண்டை ஜாஸ்தி. தலைவர் தபோப்ரத சக்ரவர்த்தி, எனக்குத் தபோபாபு, அண்ணன் என்று உரிமை கொண்டாடுகிறவர்களுக்குத் தபோதா; கல்லூரியில் பூகோளம் நடத்தி ஓய்வுபெற்றவர். வாரம் ஒரு கூட்டம் போடாவிட்டால் அவருக்குச் சாப்பாடு செரிக்காது. இயந்திரப் பொறுப்பு நிர்மால்யா குண்டு; குண்டு குடும்பப் பெயர்தான், ஆள் இல்லை. சால்ட் லேக்கில் ஓர் அலுவலகத்தில் பகலெல்லாம் கணினியோடு மாரடித்துவிட்டு, மீதி நேரத்தில் எங்களுக்காக மாரடிப்பான். அதை எங்களுக்குத் தினமும் ஞாபகப்படுத்துவான். நான் எழுத்துப்பிழை. எங்கள் வங்காளத்தை ஒரு தமிழன் திருத்துவதா என்று முதலில் முணுமுணுத்தவர்கள் இப்போதும் முணுமுணுக்கிறார்கள்.

காபேரிதி பொறுப்பு லேபிள். கதை எழுதுகிறவர்கள் அதில் யார் யார் வருகிறார்கள் என்று மேலே லேபிள் ஒட்டவேண்டும். ஒருவர் 'தீபாயன்' என்று ஒட்டுவார். ஒருவர் 'தீபு' என்பார். இன்னொரு பெண் 'என் தீபு, மற்றவர்கள் தள்ளி நிற்கவும்' என்று ஒட்டுவாள். இவற்றையெல்லாம் ஒன்றாகக் கட்டி வைத்தால்தான் தீபாயனைத் தேடி வருகிறவனுக்கு எல்லாக் கதைகளும் கிடைக்கும். எக்ஸ்ரே வேலை முடிந்து வீட்டுக்கு வந்து, ஒரு கோப்பை பாலில்லாத லிக்கர் டீயோடு உட்கார்ந்து காபேரிதி லேபிள்களைக் கட்டுவார். ஐம்பத்தாறு வயதில் அவருக்கு இருந்த ஒரே அதிகாரம் அதுதான். அதை அவர் குறைவில்லாமல் செலுத்தினார்.

இதில் வங்காளிகளுக்கென்று ஒரு தனிச் சிக்கல். இங்கே எந்த மனிதனுக்கும் இரண்டு பெயர். சான்றிதழுக்கும் கல்யாணப் பத்திரிகைக்கும் 'நல்ல பெயர்'. வீட்டில் கூப்பிட 'டாக்நாம்'. நல்ல பெயர் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு நிற்கும்; டாக்நாம் அரை நிக்கரோடு திரியும். உயர் நீதிமன்றமே நடுங்கும் வக்கீலை அவர் அத்தை நடுத்தெருவில் "ஏய் பொடோல்" என்று கூப்பிடுவாள், அவரும் திரும்பிப் பார்ப்பார். பொடோல் என்பது கோவைக்காய்க்கு அண்ணன் மாதிரி ஒரு காய்.

தீபாயனுக்கு என்ன டாக்நாம் என்று தொடரில் சொல்லவே இல்லை. அதைக் கூப்பிடவேண்டிய அம்மாதான் ரயிலிலேயே இருக்கிறாளே. ஆகவே எங்கள் எழுத்தாளர்கள் ஆளுக்கொரு பெயர் வைத்தார்கள். கோகா என்றார்கள், அதாவது பையன். புரோ என்றார்கள், கிழவன். மிஷ்டி என்றார்கள், இனிப்பு. பொடோல் என்றும் வைத்தார்கள். காபேரிதி எல்லாவற்றையும் இழுத்துத் தீபாயனின் காலில் கட்டினார்.

"ஆள் ஒண்ணு, லேபிள் ஒண்ணு. வீட்ல நீ என்ன வேணா கூப்பிட்டுக்கோ. என்கிட்ட வந்தா நல்ல பேரைச் சொல்லு" என்பார். இந்தச் சட்டத்துக்கு அப்பீல் கிடையாது.

இதுவரை ஒரு கெடுதலும் இல்லை. மகாளயத்துக்கு ஒரு மாதம் முன்னால் தபோபாபு ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். எங்கள் துர்கா பூஜைச் சிறப்பிதழ் மகாளயத்தன்று விடியலில் வெளிவரும்; தீபாவளி மலர் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் தளத்தை ஒழுங்குபடுத்த வேண்டும் என்பது அவர் ஆசை. 'லேபிளில் காணப்படும் ஒருமைப்பாடு கதையின் உள்ளேயும் காணப்படுதல் வேண்டும்' என்று எழுதிக்கொண்டு வந்து வாசித்தார். யாருக்கும் புரியவில்லை. அன்று மோகன் பகான் கால்பந்து ஆட்டம் வேறு. எல்லோரும் கை தூக்கிவிட்டு ஓடினோம். நானும்தான்.

அந்த வாரம் நிர்மால்யாவுக்குத் தபோபாபு மேல் கோபம். 'இயந்திரப் பிரிவு மந்தம்' என்று அவர் ஆண்டறிக்கையில் எழுதிவிட்டார். சரி, மந்தமில்லை என்று காட்டுகிறேன் பார் என்று, தீர்மானத்தை எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றினான். காபேரிதி தீபாயனோடு கட்டிவைத்த பெயர்களையெல்லாம் எடுத்து, தளத்தில் இருந்த எல்லாக் கதைகளுக்கு உள்ளேயும் அவை எங்கெங்கே வருகின்றனவோ அங்கெல்லாம் 'தீபாயன்' என்று மாற்றும்படி இயந்திரத்துக்கு உத்தரவு கொடுத்தான். கொடுத்துவிட்டுப் பிரியாணி சாப்பிடப் போய்விட்டான்.

மறுநாள் காலை நான் பிழை பார்க்க ஒரு கதையைத் திறந்தேன். 'வீட்டுக்காரம்மாள் தீபாயனை நீளவாக்கில் கீறி, விதையை எடுத்துவிட்டு, உள்ளே இறால் அடைத்து, கடுகெண்ணெயில் பொன்னிறமாகப் பொரித்தெடுத்தாள்' என்று இருந்தது. யாரோ திகில் கதை எழுதியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். அடுத்த கதையில் தெருமுனையில் நான்கு பல்லில்லாத தீபாயன்கள் உட்கார்ந்து சீட்டாடினார்கள். அதற்கடுத்ததில், சாப்பாட்டுக்குப் பின் இரண்டு தீபாயனாவது வாயில் போடாவிட்டால் மாமாவுக்குத் தூக்கம் வராது. டாக்டர் அவரிடம் தீபாயனைத் தொடவே கூடாது என்று சொல்லியிருந்தார், சர்க்கரை.

வாசகர்களுக்குக் கொண்டாட்டம். 'தீபாயன் இந்த வருஷம் சந்தையில் கொள்ளை விலை' என்று ஊரெல்லாம் கேலி. சிரிக்க வந்த கூட்டத்தில் தளம் இரண்டு முறை மூச்சுமுட்டி விழுந்தது.

"பழைய பிரதியை எடுத்துப் போடுடா" என்றேன் நிர்மால்யாவிடம்.

 பழைய பிரதி எடுத்து வைக்கும் வேலை கனடாவுக்குக் குடிபோன ஒருவருடையதாம். போகும்போது அவர் நிர்மால்யாவிடம் சொல்லிவிட்டுப் போனதாக நினைத்திருக்கிறார். நிர்மால்யா அவர் அங்கிருந்தே பார்த்துக்கொள்வதாக நினைத்திருக்கிறான். இயந்திரமோ ஒவ்வொரு வாரமும் ஒரு காலிப் பெட்டியைப் பத்திரமாக நகல் எடுத்துவிட்டு, 'வெற்றி' என்று செய்தி அனுப்பிக்கொண்டிருந்தது. நாங்கள் எல்லோரும் அதற்குக் கட்டைவிரல் உயர்த்திக் காட்டிக்கொண்டிருந்தோம்.

ஆக, கையால்தான் திருத்தவேண்டும். கஷ்டம்தான், ஆனால் முடியாததில்லை. எண்ணெயில் விழுந்தால் காய், காதலில் விழுந்தால் தீபாயன். அந்த அளவுக்கு எனக்கே பிடிபட்டுவிட்டது.

பிடிபடாதது ஒன்று வந்தது. 'ஏழாம் அறை' என்ற புனைபெயரில் எழுதுகிறவர் புகார்ப் பகுதியில் இரண்டே வரி போட்டிருந்தார். 'டுட்டுல் தீபாயன் இல்லை. டுட்டுல் ஏழாம் அறையில் இருக்கிறான். அவனை எங்கே கொண்டுபோனீர்கள்?'

ஏழாம் அறை பெரிய எழுத்தாளர் இல்லை. அவர் கதைகளில் ஒன்றும் நடக்காது. டுட்டுல் குளிப்பான், டுட்டுலுக்கு இருமல் வரும், வீட்டுக்காரம்மாள் டுட்டுலைச் சாப்பிடக் கூப்பிடுவாள். அங்கங்கே தீபாயனும் வந்துபோவான், அவ்வளவுதான். டுட்டுல் என்பது தீபாயனுக்கு அவர் வைத்த டாக்நாம் என்று லேபிளை மட்டும் பார்த்துக் காபேரிதி கட்டிவிட்டார். கட்டியதை அவிழ்க்கவும் மறுத்தார். "தொடர்ல ஏழாம் ரூம் பூட்டியே கிடந்துச்சு. அங்க ஆளே கிடையாது. டுட்டுல்னா அப்ப யாரு? நல்ல பேரு என்ன? சொல்லச் சொல்லு, தனி லேபிள் போடறேன்."

ஏழாம் அறை நல்ல பெயரைச் சொல்லவில்லை. 'மகாளயம்வரை பார்ப்பேன். அதற்குள் டுட்டுல் வராவிட்டால் என் கதைகள் எல்லாவற்றையும் நானே அழித்துவிட்டுப் போகிறேன்' என்று எழுதினார். சிரித்துக்கொண்டிருந்த தளம் சட்டென்று கட்சி மாறியது. அவருக்கு நிரந்தர வாசகர்கள் பத்துப் பேர் இருந்தால் அதிகம். அந்தப் பத்துப் பேரும் நூறு பேர் போலக் கத்தினார்கள். காபேரிதியைத் தூக்கு என்றார்கள். மகாளயத்துக்கு முந்தைய ஞாயிறு காலை தபோபாபு அவசரக் கூட்டம் போட்டார். நாங்கள் கூடுவது போனில்தான், குரல் மட்டும்.

"பொருள் ஒன்று. காபேரி சமாத்தார் அவர்களை லேபிள் பொறுப்பிலிருந்து விடுவிப்பது" என்று தபோபாபு தொடங்கினார்.

"தபோதா, தீர்மானம் போட்டது நீங்க" என்றார் காபேரிதி.

"தீர்மானத்துல ஒரு தப்பும் இல்ல. அதை அமல்படுத்தின விதம்தான்..."

"ஆரே, நான் நீங்க எழுதினதைத்தானே செஞ்சேன்!" என்று நிர்மால்யா குதித்தான். "பொடோலும் தீபாயனும் ஒண்ணுன்னு கட்டினது யாரு?"

"லேபிள்ல கட்டினேன்டா. சட்டியில கட்டல."

"காபேரிதி, கோவப்படாதீங்க. அந்த டுட்டுலை மட்டுமாவது அவிழ்த்துவிட்டிருக்கலாம் இல்ல? உங்களுக்குப் பிடிவாதம்" என்றான் நிர்மால்யா.

"பிடிவாதம்தான்! நீ காலிப் பெட்டியை நகல் எடுத்தா அது கவனக்குறைவு, நான் சட்டப்படி செஞ்சா பிடிவாதமா?" காபேரிதியின் குரல் கொஞ்சம் உடைந்தது. "எடுத்துக்கோங்க. பொறுப்பை எடுத்துக்கோங்க. நாளையிலேருந்து நான் சாயங்காலம் டிவி பார்க்கறேன், என் தம்பி பொண்டாட்டியோட."

எனக்குக் கஷ்டமாக இருந்தது. அந்தத் தம்பி மனைவியைப் பற்றி அவர் எனக்கு நிறையச் சொல்லியிருக்கிறார்.

அப்போது ஒரு புதுக் குரல் தொண்டையைக் கனைத்தது. பாதிக்கப்பட்டவர் என்ற முறையில் நிர்மால்யா அவரையும் கூட்டத்தில் சேர்த்திருந்தான். "நான் ஏழாம் அறை பேசறேன். சந்தன்நகர்லேருந்து. ஒரு நிமிஷம் இருங்க... டேய், பிரேக் ஷூ மேல் தட்டுல இருக்கு பாரு... சொல்லுங்க."

கனமான ஆண் குரல். மோட்டார் உதிரி பாகக் கடையாம். ஏழாம் அறை யாரோ கல்லூரிப் பெண் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"தங்கள் நல்ல பெயர்?" என்றார் தபோபாபு.

"அது வேண்டாங்க. அது கடை போர்டுல இருக்கு, பேங்க்ல இருக்கு, எல்லா எடத்துலயும் இருக்கு. டுட்டுல் நான்தான்."

 அவரே தொடர்ந்தார்.

"எனக்கு அம்பத்திரண்டு வயசு. வீடு நெறைய ஆளுங்க இருக்காங்க, ஒரு குறையும் இல்ல. பொண்டாட்டி 'இந்தாங்க, கேக்குதா'ம்பா. பசங்களுக்கு பாபா. கடைப் பசங்களுக்கு மாலிக். ஊருக்கு சாஹாபாபு. அம்மா போனதுக்கப்புறம் டுட்டுல்னு கூப்பிட ஒரு ஆளு இல்ல. எம் பொண்டாட்டிகிட்ட கேட்டுப் பார்த்தேன், விழுந்து விழுந்து சிரிச்சா. அதான் பூட்டிக் கெடந்த ரூம்ல நானே குடி போயிட்டேன். வீட்டுக்காரம்மா மாடிலேருந்து 'டுட்டுல், சோறு ஆறுது'ன்னு கூப்பிடுவாங்க. படிக்கிறவங்களும் கீழ எழுதுவாங்க, 'டுட்டுலுக்கு இருமல் நின்னுச்சா'ன்னு. இப்ப தொறந்து பார்த்தா 'தீபாயன், சோறு ஆறுது'ன்னு இருக்கு. அவனுக்கு என்னங்க குறைச்சல்? ஊரே அவனுக்கு எழுதுது. என் சோத்தையும் அவனேதான் சாப்பிடணுமா?"

தபோபாபு கூட்டக் குறிப்பேட்டைப் பாதியில் மூடும் சத்தம் கேட்டது. அது எனக்குத் தெரிந்து முதல் தடவை.

"டுட்டுல்" என்றார் காபேரிதி.

"ம்?"

யோசித்துச் சொன்ன பதில் இல்லை அது. உள் அறையில் வேறு வேலையாக இருக்கிறவனை யாரோ கூப்பிட்டால் தானாக வருமே, அந்த 'ம்'. சொன்னபிறகுதான் அவருக்கே தெரிந்திருக்கவேண்டும். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. எனக்கும் கண் கலங்கியது, சொல்வதில் என்ன வெட்கம்.

"கடையில ஒக்காந்துக்கிட்டு அழாத. ஆளுங்க பாப்பாங்க. சாயங்காலம் நான் போன் பண்றேன். உன் கதை ஒவ்வொண்ணா, வரி வரியா படிக்கிறேன். எது நீ, எது அவன்னு நீ சொல்லு. மகாளயத்துக்குள்ள முடிச்சிடலாம்."

"பொருள் ஒன்று இன்னும்..." என்று தபோபாபு இழுத்தார்.

"முடிஞ்சுது தபோதா" என்றான் நிர்மால்யா. பொருள் ஒன்று ஒத்திவைக்கப்பட்டது. இன்றும் ஒத்திவைக்கப்பட்டே இருக்கிறது.

லேபிள் இயந்திரம் நல்ல பெயர் இல்லாத டாக்நாமை ஏற்றுக்கொள்ளாது. அது காபேரிதியே கேட்டு வாங்கிப் போட்ட பூட்டு. அதை உடைக்கச் சொல்லி அவரே நிர்மால்யாவிடம் கேட்டார். "எழுதி வெச்சுக்கட்டுமா, நீங்க உங்க சட்டத்தை மீறின தேதியை?" என்று அவன் சீண்டினான். "வெச்சுக்கோ, ஃப்ரேம் போட்டு மாட்டு" என்றார்.

பொடோல்களை விடுதலை செய்வது என் பொறுப்பு ஆயிற்று. சட்டி சட்டியாகத் தீபாயனை வெளியே எடுத்துக் காயை உள்ளே போட்டேன். ஒரு பெண் மட்டும், பொரித்த தீபாயனே நன்றாக இருக்கிறது, என் கதையைத் தொடாதே என்று சொல்லிவிட்டாள்.

காபேரிதியும் ஏழாம் அறையும் சாயங்காலங்களில் போனில் வேலை செய்தார்கள். சந்தேகம் தீர்க்க ஒருநாள் என்னையும் இணைத்துக்கொண்டார்கள். காபேரிதி எக்ஸ்ரே அறைக் குரலில் வாசிப்பார். "தீபாயன் படியிறங்கினான்." "அவன்." "தீபாயனுக்குத் தலைவலி." "நான்." "தீபாயன் மாலோபிகாவின் கையைப் பிடித்தான்." மாலோபிகா தொடரின் கதாநாயகி; அங்கே சந்தன்நகரில் கொஞ்சம் தயக்கம். "அதுவும்... அவனேதான். எழுதிக்கோங்க."

"தைரியம் இல்லாத ஆளு" என்றார் காபேரிதி. மூவரும் சிரித்தோம்.

அன்று ஏழாம் அறை காபேரிதியிடம், "உங்களை வீட்ல என்னன்னு கூப்பிடுவாங்க?" என்று கேட்டார். "தம்பி தீதின்னுவான், அவன் பசங்க பிசி, வேலையில மேடம். அடுத்த வரியைப் பாரு" என்று காபேரிதி வெடுக்கென்று சொல்லிவிட்டார். தீதி என்றால் அக்கா, பிசி என்றால் அத்தை. டாக்நாம் என்ன என்று நானும் பல தடவை கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டவன்தான்.

சிறப்பிதழ் மகாளயத்தன்று விடியலில் வரவில்லை, மத்தியானம் வந்தது. திட்டு வாங்கினோம். ஏழாம் அறையின் கதைகள் ஒன்றும் அழியவில்லை. டுட்டுலுக்கென்று தனி லேபிள், மேலே நல்ல பெயர் இல்லாமல்.

பூஜை எல்லாம் முடிந்து, லட்சுமி பூஜையும் கழிந்து ஒரு சாயங்காலம், ஏழாம் அறையின் பழைய கதை ஒன்றைச் சும்மா புரட்டினேன். நடுவில் ஒரு வரி அப்படியே கிடந்தது. 'தீபாயன், சோறு ஆறுது.' உடனே காபேரிதிக்குப் போன் போட்டேன்.

"தெரியும்" என்றார்.

"நானே மாத்திடறேன், ஒரு நிமிஷ வேலை."

"கை வெக்காத பொரதன். உன் வேலை எழுத்துப்பிழை. அதுல எழுத்துப்பிழை இருக்கா? இல்ல இல்ல? போ."

"பின்ன எப்ப முடிப்பீங்க?"

"மெதுவா முடிப்போம். இன்னும் அது அவனா இவனான்னு பேசி முடியல. உனக்கென்ன அவசரம்?"

அப்போது அவர் கையிலிருந்த இன்னொரு போன் அடித்தது. என் அழைப்பை அணைத்துவிட்டதாக நினைத்து அதை எடுத்தார். அணைக்கவில்லை. அந்தப் பக்கத்துச் சந்தன்நகர்க் கனக் குரல் எனக்கு இங்கே நன்றாகக் கேட்டது, பின்னால் யாரோ இரும்பைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

"புச்கி, வந்துட்டியா? கால் வலி எப்படி இருக்கு?"

புச்கி என்றால் குட்டி. கல்கத்தாவின் பாதிப் பேரை மூச்சுப் பிடிக்கவைத்து அதட்டிய அந்த அம்மாள், "ம். இப்பத்தான் வந்தேன். இன்னிக்கு நின்னுக்கிட்டே இருந்தேனா, முட்டி ரெண்டும் வீங்கிப்போச்சு" என்று சிணுங்கினார்.

நான் சத்தம் போடாமல் போனை வைத்தேன். அந்த வரியை இன்றுவரை திருத்தவில்லை.